ஊர்க் கழிவு ஜலமும் ஆற்றின் சுகமும்

ஓர் ஊரின் சாக்கடை ஜலம் ஆற்றில் விழுமானால், அதனால் விளையும் தீங்கு பெரும்பாலும் அவ்வூரார்க்கு இல்லை. ஆற்றின் கீழ்ப்புறத்தில் நிலமும் கிணறும் உடையவர்க்கே அது வந்து சேருகின்றது. வாய்க்காலில் துர்நாற்றம் வீசுதல், கிணற்று நீர் கெடுதல், வயலில் இறங்கும் ஆட்களுக்குக் கொக்கிப்புழுவும் சொறியும் உண்டாதல், கால்நடைகள் நீரை முகர்ந்து பார்த்துத் திரும்புதல் ஆகியவற்றை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகையால் இவ்விஷயம் முனிசிபாலிடிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் மாத்திரம் உரியதென்று நிலச்சுவான்தார்கள் ஒதுங்கியிருத்தல் சரியன்று. அன்றியும், அதே ஜலத்தில் பயிருக்கு வேண்டிய சத்து உள்ளதென்பதையும், அதைத் தக்க முறையில் ஏற்றுக்கொள்ளும் நிலம் ஆற்றையும் காப்பாற்றுகின்றதென்பதையும் பஞ்சாபில் ஒரு சிறிய நதி காட்டியிருக்கின்றது.

அந்நதிக்குக் காலி பெயின் என்று பெயர். காலி என்பது அந்நாட்டு பாஷையில் கருமையைக் குறிக்கும் சொல். ஹோஷியார்பூர் ஜில்லாவில் முக்கேரியான் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் தோன்றி, ஜலந்தர், கபூர்தலா ஜில்லாக்களின் ஊடே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் ஓடி, பியாஸும் சட்லெஜும் கூடுமிடத்திற்கு அருகே இது கலக்கின்றது. இதன் கரையிலுள்ள சுல்தான்பூர் லோதி என்னும் சிற்றூர் சீக்கியர்களுக்கு மிகப் புனிதமானது. குருநானக் அவ்வூரில் பல்லாண்டுகள் வசித்து, இந்நதியில் நீராடியபோது ஞானம் பெற்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்தகைய நதியிலேயே கரையோரத்துப் பட்டணங்களும் கிராமங்களும் தங்கள் சாக்கடைகளைத் திருப்பிவிட்டன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஆகாயத்தாமரை மூடி, சேறு மேடிட்டு, சில இடங்களில் ஆறு இருந்த அடையாளமே தெரியாமற் போயிற்று. ஓட்டம் தடைப்பட்டதனால் மேற்புறத்தில் நிலங்கள் நீர் தேங்கிக் கெட்டன. கீழ்ப்புறத்திலோ பாசனத்திற்கு நீர் இல்லை. ஒரே அடைப்பு இரண்டு கேட்டையும் விளைத்தது.

2000-ஆம் ஆண்டில் ஜலந்தர் ஜில்லா சீச்சேவால் கிராமத்தைச் சேர்ந்த துறவி பல்பீர் சிங் சீச்சேவால் என்பவர் தம்முடன் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஆகாயத்தாமரையைக் கையாலேயே வாரிக் கரையேற்றினார்கள். சேற்றை அள்ளினார்கள், கரைகளை உயர்த்தி மரங்கள் நட்டார்கள். முக்கேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து ஆற்றுக்கு நீர் விடவும் ஏற்பாடாயிற்று. 2006-இல் அப்போதைய ராஷ்டிரபதி அப்துல் கலாம் அவர்கள் சுல்தான்பூர் லோதிக்கு நேரில் வந்து இவ்வேலையைப் பார்வையிட்டார். 2017-இல் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆயினும் ஆற்றை வாரிச் சுத்தம் செய்தல் எளிய பாகமே. சாக்கடை விழுவது நில்லாதவரையில், வாரிய இடம் மறுபடி கெடுவது நிச்சயம். வேலை தொடங்கிய பின்னரும், மேலிருந்து வரும் நல்ல ஜலம் குறைந்த சமயங்களில், ஷை ஆற்றில் மீன்கள் இறந்து மிதந்தது ஒரு முறையன்று. ஆகையால் ஒவ்வோர் ஊரின் கழிவு ஜலத்தையும் ஊருக்கருகிலேயே நிறுத்திச் சுத்தி செய்து வயலுக்கு அனுப்பும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதற்குச் சீச்சேவால் முறை என்றே பெயர் வழங்குகின்றது. வீடுகளின் கழிவு ஜலம் நிலத்தடிக் குழாய்களின் வழியே ஊர்ப்புறத்திலுள்ள வட்டமான மூன்று கிணறுகளுக்கு வருகின்றது. முதற் கிணற்றில் நீர் சுழன்று விழுவதால் மணலும் கனமான பொருள்களும் அடியில் தங்குகின்றன. அடுத்ததில் எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே மிதந்து நிற்கின்றன. மூன்றாவதைக் கடந்து வரும் நீர் ஒரு பெரிய குளத்தில் சேர்ந்து, வெயில் பட்டுத் தெளிந்து, பின்னர் பம்பு வைத்து வயல்களுக்கு இறைக்கப்படுகின்றது. பார்க்க வருவோர் கிணறுகளையே வியந்து பேசுவது வழக்கம். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது குளமே. கிணறுகளை அழகாகக் கட்டிக் குளத்திற்கு நிலம் விடாமற் குறுக்கிய ஊரில் இம்முறை பலனளியாது.

இதன் காரணத்தை அறிய, கழிவு ஜலம் ஆற்றை எவ்விதம் கெடுக்கின்றதென்பதை முதலில் ஆராய வேண்டும். அதில் ஏதோ விஷம் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். வீட்டுச் சாக்கடையில் விஷம் சொற்பம். அதில் நிறைந்திருப்பது ஆகாரம். மலம், சோற்றுக் கஞ்சி, சோப்பு, எண்ணெய் இவையெல்லாம் நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை இவ்வுணவை உண்டு பெருகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. நீரில் கரையக்கூடிய பிராணவாயுவோ மிகச் சிறிது. 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள சுத்த ஜலம் ஒரு லிட்டரில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் அடங்கும். ஒரு லிட்டர் சாக்கடை நீரின் உணவு முழுவதையும் கரைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டுவதோ 150 முதல் 300 மில்லிகிராம். இத்தேவையே அந்நீரின் பிராணவாயுத் தேவை எனப்படும். நம் நாட்டு ஆய்வுச்சாலைகளில் நீரைப் புட்டியிலடைத்து 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைத்து இதை அளக்கின்றனர்.

விஷமில்லாத பொருளே ஆற்றைக் கொல்லும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் பியாஸ் நதியில் நிகழ்ந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கழிவுப்பாகு நதியில் கலந்தது. மாட்டுக்குத் தீவனத்தோடு சேர்த்துக் கொடுக்கும் அதே பாகுதான். அதை உண்ட நுண்ணுயிர்கள் நதியின் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டபடியால், திரள் திரளாக மீன்கள் மூச்சு முட்டி மடிந்தன.

ஆற்றுக்குத் தன்னைத் தானே சுத்தி செய்துகொள்ளும் சக்தி உண்டென்பது மெய்யே. ஓடும் நீர் காற்றிலிருந்து பிராணவாயுவை மீண்டும் வாங்கிக்கொள்கின்றது. ஆனால் அச்சக்தி ஆற்றில் ஓடும் நீரின் அளவைப் பொறுத்தது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 20,000 ஜனங்கள் உள்ள ஊர் ஒன்றில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவு ஜலம் என்று கொண்டால், தினம் 20 லட்சம் லிட்டர் ஆகும். இது வினாடிக்கு ஏறக்குறைய 0.8 கன அடி. அதன் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றும், ஆற்று ஜலத்தின் தேவை 2 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆற்றில் வினாடிக்கு 20 கன அடி ஓடும்போது இச்சாக்கடை அப்படியே கலந்தால் கலவையின் தேவை லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம். குளிக்கும் துறைகளில் 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய விதி. அதே கழிவு ஜலத்தைச் சுத்தி செய்து 30 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து விட்டால் கலவை சுமார் 3 மில்லிகிராமில் நிற்கும்; ஆறு பிழைக்கும். ஆனால் கோடையில் ஆறு 2 கன அடிக்கு இளைத்துவிட்டால், சுத்தி செய்த அந்த ஜலமே கலவையை 10 மில்லிகிராமுக்கு ஏற்றிவிடுகின்றது. சுத்தி செய்யாத சாக்கடையாயின் 74.

இக்கணக்கிலிருந்து கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சர்க்கார் விதித்த அளவுக்கு ஜலத்தைச் சுத்தி செய்து ஆற்றில் விட்டுவிட்டோம் என்று ஓர் ஊர் சொல்லுவது, ஆற்றில் நீர் ஓடும் காலத்தில் போதுமான சமாதானம். வற்றிய காலத்தில் அது போதாது. பாலாறு, வைகை முதலான நம் ஆறுகளில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காணப்படுவதால், அங்கே கலப்பதற்கே நீர் இல்லை. விடப்பட்ட கழிவு ஜலமே ஆறாகின்றது. அக்காலத்தில் அந்த ஜலம் செல்லுமிடம் நிலமாகவே இருக்க வேண்டும்.

இனிக் குளங்களின் வேலையைக் கூறுவோம். நன்கு அமைத்த ஏற்பாட்டில் ஒரு குளம் போதாது. வரிசையாக மூன்று வேண்டும். முதற்குளம் 3 முதல் 5 மீட்டர் வரை ஆழமானது. அதில் பிராணவாயு இராது. அடியில் கசண்டு தங்கி அழுகிச் செரிக்கின்றது. உஷ்ண தேசங்களில் அங்கே ஒன்றிரண்டு நாள் நீர் தங்கினாலே பிராணவாயுத் தேவையில் ஏறக்குறையப் பாதி கழிந்துவிடும். இரண்டாவது குளம் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ளது. பரப்பு அதிகம். இதில்தான் பச்சைப் பாசி வளருகின்றது. நுண்ணுயிர்கள் கழிவை உண்டு கரியமிலவாயுவை வெளியிட, பாசி அதனை ஏற்று, சூரிய வெளிச்சத்தின் உதவியால் பிராணவாயுவைத் திருப்பித் தருகின்றது. ஒன்றின் கழிவு மற்றதன் உணவு. எந்திரமோ மின்சாரமோ இதற்கு வேண்டுவதில்லை. பிற்பகலில் பாசி கரியமிலவாயுவை மிகுதியாக இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, நோய்க்கிருமிகள் மடிகின்றன. மூன்றாவது குளம் ஆழம் குறைந்தது. வெயில் அடிவரை எட்டும். எஞ்சிய கிருமிகள் அங்கே ஒழியும். புழு முட்டைகள் கனமானவையாதலால் தாமே அடியில் தங்கும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். எல்லாக் குளங்களிலுமாக நீர் 8 முதல் 10 நாள் வரையாவது தங்கினாலன்றி முட்டைகள் ஒழிந்ததாக எண்ணக்கூடாது.

மேற்சொன்ன 20,000 பேர் கொண்ட ஊருக்கு, முதற்குளத்தில் 2 நாள், இரண்டாவதில் 10 நாள், மூன்றாவதில் 6 நாள் தங்குவதாகக் கணக்கிட்டால் நீர்ப்பரப்பு மட்டும் ஏறக்குறைய 6 ஏக்கர்; கரைகளும் வழிகளும் சேர்ந்து 8 ஏக்கர் ஆகலாம். பஞ்சாபில் மார்கழி, தை மாதங்களில் மூடுபனியும் குளிரும் பாசியின் வேலையைத் தளர்த்துகின்றன. அங்கே இதைவிட அதிக நாள் வேண்டும். நம் சமவெளிகளில் அக்குறை இல்லை.

எட்டு ஏக்கர் என்றவுடனே ஊர்களில் தயக்கம் உண்டாகின்றது. குறைந்த இடத்தில் வேலை முடிக்கும் எந்திர சாலைகளும் உண்டு. 1914-இல் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர், கழிவு ஜலத்தில் காற்றை ஊதி, தங்கிய கசண்டை மறுபடி மறுபடி உபயோகித்துச் சில மணி நேரத்தில் சுத்தி செய்யும் முறையை வெளியிட்டனர். பெரிய நகரங்களில் இன்றைக்கும் அம்முறையும் அதன் வகைகளுமே வழங்குகின்றன. நிலம் விலையேறிய நகரத்திற்கு அது பொருந்தும். சிற்றூரிலோ காற்றூதும் எந்திரம் இரவு பகல் ஓட வேண்டும். மின்சாரக் கட்டணம் மாதந்தோறும் கட்ட வேண்டும். கைதேர்ந்த ஆள் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். எந்திரம் நின்ற சில மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்கள் மூச்சின்றித் தளர, சாக்கடை உள்ளே வந்தபடியே வெளியே போகும். கட்டியது ஒரு முறை, நடத்துவது எந்நாளும் என்பதை மறந்து கட்டிய சாலை பூட்டிக் கிடக்கும். குளம் அவ்விதம் ஒரே நாளில் கைவிடுவதில்லை. நிலம் கிடைக்கும் ஊருக்குக் குளமே உத்தமம்.

குளத்திற்கு இடம் தெரிவு செய்கையில் களிமண் பாங்கான தரையையே கொள்ள வேண்டும். மணற்பாங்கில் நீர் இறங்கி அண்டைக் கிணறுகளைக் கெடுக்கும். வீடுகளிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குக் குறையாமலும், பெரும்பாலும் காற்று ஊரிலிருந்து குளத்தை நோக்கி வீசும் பக்கத்திலும் இருத்தல் நலம். கொசுவைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் கொசு திறந்த நீர்ப்பரப்பில் பெருகுவதில்லை. ஓரத்துப் புல்லிலும் கோரையிலும் பெருகுகின்றது. ஓரங்களைக் கல் பாவி, களையின்றி வைத்தால் தொல்லை குறையும். இரண்டாவது குளத்தில் ஆகாயத்தாமரையை ஒருபோதும் விடலாகாது. அது வெளிச்சத்தை மறைத்துப் பாசியைக் கொன்றுவிடும்.

வயலில் உபயோகிக்கும் முறைக்கு வருவோம். சுத்தி செய்த ஊர்க் கழிவு ஜலத்தில் லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கக்கூடும். ஏக்கருக்கு ஓர் அங்குலப் பாய்ச்சல் என்பது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். எனவே ஒவ்வோர் அங்குலமும் ஏக்கருக்கு 2 முதல் 4 கிலோ தழைச்சத்தைக் கொண்டுவருகின்றது. கோதுமைக்கு 15 அங்குலம் பாய்ச்சினால் 30 முதல் 60 கிலோ. யூரியாச் செலவில் பெரும்பகுதி மிச்சம். ஆனால் நெல்லுக்கு 45 அங்குலம் இதையே பாய்ச்சினால் 90 முதல் 180 கிலோ ஆகிவிடும். பயிர் கரும்பச்சையாய் ஓங்கி வளர்ந்து, பூச்சிக்கு இரையாகி, கதிர் பிடிக்கும் தருணத்தில் சாய்ந்து, பதரே மிகும். இந்த ஜலத்தில் நெல் விளையாதென்று சிலர் கூறுவதன் காரணம் இதுவே. பிழை நீரில் இல்லை, அளவில் இருக்கின்றது. நெல்லுக்கு ஒரு பங்கு குளத்து ஜலத்துடன் இரண்டு மூன்று பங்கு வாய்க்கால் அல்லது கிணற்று நீரைக் கலக்க வேண்டும். மேலுரமாக யூரியா இடுவதைக் குறைக்க வேண்டும். பால் பிடித்த பிறகு நல்ல நீரே பாய்ச்ச வேண்டும். பயிர் ஏற்றுக்கொள்ளாத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது.

தீவனப் புல்லே இந்த ஜலத்திற்கு மிக இசைந்த பயிர். மதுரை அவனியாபுரத்தில் கழிவு நீர்ப் பண்ணையில் புல் வளர்த்தது பலர் அறிந்தது. பருத்தி, கரும்பு, மரப்பயிர்கள் ஆகியவையும் தகும். பச்சையாக உண்ணும் வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லி, கீரை முதலியவற்றுக்கு இதைத் தொடவே கூடாது. பழமரங்களுக்குப் பாய்ச்சுவோர் பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, தரையில் விழுந்த பழங்களைப் பொறுக்காமல் விட வேண்டும். பாய்ச்சிய புல் நிலத்தில் இரண்டு வாரம் வரையில் மாடுகளை மேயவிடாதிருப்பது நாடாப்புழுவைத் தடுக்கும். மடை திறக்கும் ஆட்கள் வெறுங்காலுடன் இறங்கலாகாது. கொக்கிப்புழு காலின் தோல் வழியே ஏறுகின்றது. ஆளுக்கு ரப்பர் ஜோடு வாங்கிக் கொடுப்பது மிராசுதாரின் பொறுப்பு. கூலிக்காரர் தாமே வாங்குவாரென்று விடுவது நடக்கிற காரியமன்று.

இவ்வளவும் வீட்டுக் கழிவு ஜலத்திற்கே பொருந்தும். தோல் பதனிடும் சாலை, முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை இவற்றின் ஜலம் ஊர்க் குழாயிற் கலந்துவிட்டால் பாசி மடியும். உலோகங்கள் கசண்டிலும் மண்ணிலும் தங்கிப் பயிருக்கு ஏறும். உப்போ எந்தக் குளத்திலும் நீங்காது. காலி பெயினுக்குத் தெற்கே சிட்டி பெயின் என்னும் மற்றொரு சிற்றாறு உண்டு. சிட்டி என்றால் வெண்மை. ஜலந்தர் நகரத்துத் தோல், முலாம் தொழில்களின் கழிவு காலா சங்கியான் என்னும் வடிகால் வழியே அதில் இறங்குகின்றது. பெயரில் வெண்மையுடைய ஆறே கருமையுடையதைவிடக் கேடுற்றது விந்தை. தொண்டர்கள் வாரிச் சுத்தம் செய்யும் வழி அங்கே அவ்வளவாகப் பயன்படாமைக்குக் காரணம், அக்கழிவு அழுகி மறையும் பொருளாய் இராமையே. ஆகவே ஊர்க் குழாயில் ஒரு பட்டறைக்கு இணைப்புக் கொடுக்கும்போதே கிராம அதிகாரிகள் தடுக்க வேண்டும். பின்னர் பிரிப்பது அரிது.

மழைக்காலத்தில் வயலுக்கு நீர் வேண்டாதபோது என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. மேற்சொன்ன ஊரின் 20 லட்சம் லிட்டர் ஜலம், பத்து நாளைக்கு ஒரு முறை இரண்டு அங்குலம் வீதம் பாய்ச்சினால், ஏறக்குறைய 95 ஏக்கருக்குப் போதும். மழை பெய்யும் வாரங்களில் அத்தனையும் தேங்கும். நல்லவேளையாக அப்போது ஆற்றிலும் நீர் ஓடும். மூன்றாவது குளத்து ஜலத்தை அளவாக ஆற்றில் விடலாம். இடையிடையே மழை ஓய்ந்து ஆறு இளைக்கும் நாட்களுக்காக, பத்துப் பதினைந்து நாள் நீரைத் தேக்கும் தனிக் குளம் ஒன்று இருப்பது நலம். யார் எந்நாளில் எத்தனை நாழிகை எடுத்துக்கொள்வதென்பதைப் பாய்ச்சல்காரர்கள் எழுத்து மூலமாக உடன்பட்டிருக்க வேண்டும். உரச்சத்து உண்டென்பது தெரிந்துவிட்டால், நேற்று வேண்டாமென்றவரும் இன்று மடைக்குச் சண்டையிடுவார்.

குளம் சரிவர வேலை செய்கின்றதா என்பதை அறிய, ஆய்வுச்சாலைக்கு மாதம் ஒரு முறை நீர் அனுப்புவதோடு, ஊரிலேயே செய்யக்கூடிய பரீட்சைகள் சில உண்டு. ஆற்றைப் பார்ப்பவர் விடியுமுன் சென்று பார்க்க வேண்டும். பகலில் பாசி பிராணவாயுவை விடுவதால் கெட்ட ஆறும் நல்லது போலத் தோன்றும். இரவெல்லாம் செலவான பின், விடியற்காலையில்தான் அது மிகக் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால், ஆறு அபாயத்தில் உள்ளது. குளத்திலிருந்து வெளிவரும் ஜலத்திற்கு மெத்திலின் நீலப் பரீட்சை உண்டு. கண்ணாடி மூடியுள்ள புட்டியில் நீரை விளிம்புவரை நிரப்பி, நீல மருந்தில் சில துளிகள் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, இருட்டில் வைக்க வேண்டும். ஐந்து நாளும் நீலம் மாறாதிருந்தால் அந்நீர் இனி அழுகி நாறாது. இரண்டொரு நாளில் நிறம் வெளுத்துவிட்டால் சுத்தி போதவில்லை. அந்நீரை ஆற்றுக்கு விடாமல் நிறுத்தி, முதற்குளத்தில் கசண்டு எவ்வளவு ஏறியிருக்கின்றதென்று அளக்க வேண்டும். வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கோலைத் தரைவரை செங்குத்தாக இறக்கி, சற்று நிறுத்தி, மெல்ல எடுத்தால், கசண்டு பட்ட உயரம் கருமையாய்த் தெரியும். அது குளத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் வாரும் காலம் வந்துவிட்டது. வாருவதற்குப் பம்பும் எந்திரமுமே உபயோகிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலக்கசண்டைக் கையால் அள்ள ஆட்களை வைத்தல் குற்றம். வாரிய கசண்டை மணற்படுகையில் உலர்த்தி, இலை தழைகளுடன் குவித்து, குவியலின் உள்ளே உஷ்ணம் 55 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்குமாறு புரட்டிவிட்டு மக்கச் செய்த பின்னரே நிலத்திற்கு இடலாம். வெறுமனே உலர்ந்த கசண்டில் உருளைப்புழு முட்டைகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்.